இருபதாவது பெயர்

ஹத்துலேய், கிழக்குத் திமோர்
12 மார்ச் 2000

அன்புள்ள லம்பெர்த்தோவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து திரும்பி வந்த லாரியில் தச்சர் பொனிஃபாசியோ இருந்தார். இறங்கியதும் இறங்காததுமாக என்னைப் பார்த்து, "உன் புருஷன் அத்தம்புவா முகாம்ல இருக்கான். இளைச்சிட்டான். அங்கேயும் ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார். சோளம் இடித்துக்கொண்டிருந்தேன். உலக்கையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதமாக உங்களுக்குச் செபம் சொல்லும்போது இறந்தவர்களோடு சேர்ப்பதா, இருப்பவர்களோடு சேர்ப்பதா என்று தெரியாமல் இரண்டு வரிசையிலும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி ஒரு தடவை சொன்னால் போதும்.

உங்களுக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். விடுதலை வாக்கெடுப்பு முடிவு வந்த அன்று உங்களையும் கிராம அலுவலகத்து ஆட்களையும் ராணுவ லாரியில் ஏற்றியதை நான் பார்க்கவில்லை. கூலிப்படை தீ வைத்துக்கொண்டு கீழ்த்தெருவில் வருகிறது என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைக்கு ஓடிவிட்டேன். அக்டோபரில் ஒரு பாறையடியில் வலி வந்தது. பக்கத்து வீட்டு ஜுவீத்தா அக்காதான் பார்த்தாள். மூங்கில் சீவலால் தொப்புள்கொடி அறுத்தாள். நத்தேர்சியா என்று பெயர் வைத்திருக்கிறோம். நத்தி என்று கூப்பிடுகிறோம்.

வீடு இல்லை. நான்கு சுவர் கறுப்பாக நிற்கிறது, மேலே ஐ.நா. கொடுத்த நீலப் படுதா. என் தம்பி அபிலியோ பிழைத்துக்கொண்டான். அவனைத் தேடி யாரும் வரவில்லையாம், அவனுக்கே ஆச்சரியம்.

ஜுவீத்தா அக்காவின் புருஷன் வெனான்சியோ ஊர் எரிந்த வாரத்திலிருந்து காணவில்லை. அந்தப் பக்கம் எங்காவது இருக்கிறானா என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

வாரம் ஒரு லாரி வருகிறது. எல்லையில் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஏன் இன்னும் ஏறவில்லை? கடிதத்தை முகாமுக்குப் போய்வருகிற கன்னியர் மடத்துச் சகோதரி எர்மெலிந்தாவிடம் கொடுக்கிறேன். உறையை ஒட்டக்கூடாதாம், எல்லையில் படிப்பார்களாம். படிக்கட்டும். நீங்கள் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இடலினா


அத்தம்புவா
2 ஏப்ரல் 2000

என் இடலினாவுக்கு,

உன் கடிதத்தை பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். குழந்தை யார் ஜாடை? உன் நெற்றியா? தலைமுடி சுருட்டையா? ஒன்றும் எழுதாமல் பெயரை மட்டும் எழுதியிருக்கிறாய். பதினோரு வருடம் நம் ஊரின் பிறப்புப் பதிவேட்டில் எல்லார் குழந்தையையும் எழுதினேன். என் குழந்தையை யார் எழுதினார்கள்?

வருவது நீ நினைப்பதுபோல் லேசில்லை. முகாம் ஐ.நா. கையில் இல்லை. பழைய கூலிப்படைத் தலைவர்கள்தான் இங்கும் நாட்டாமை. அரிசி வாங்கவும் அவர்கள் வரிசையில்தான் நிற்கவேண்டும். "திரும்பிப் போனா அந்த வெள்ளைச் சிப்பாயிங்க கழுத்தை அறுத்துக் கடல்ல போடுவாங்க" என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். போகிறேன் என்று பெயர் கொடுத்தவனின் கூடாரம் மறுநாள் கிழிந்து கிடக்கிறது. பொனிஃபாசியோவுக்குப் பயமில்லை, அவருக்குப் பெண்டாட்டியும் இல்லை.

வெனான்சியோவை நான் இங்கே பார்க்கவில்லை. ஜுவீத்தாவிடம் அப்படியே சொல்.

ஊரில் என்ன பேசுகிறார்கள்? அலுவலகம் முழுதும் எரிந்துவிட்டதா, ஏதாவது மிஞ்சியதா? ராணுவ முகாம் கட்டடம்? யார் யார் திரும்பினார்கள் என்று எழுது.

மத்தியானம் படுத்தால் நம் வீட்டுப் புளியமரத்தில் காற்று அடிக்கிற சத்தம் காதில் கேட்கிறது. எழுந்து பார்த்தால் பிளாஸ்டிக் கூரைதான் அடித்துக்கொண்டிருக்கிறது.

உன் லம்பெர்த்தோ


ஹத்துலேய்
28 மே 2000

லம்பெர்த்தோவுக்கு,

குழந்தைக்கு என் நெற்றி. முடி உங்களுடையது. கோபம் வந்தால் கீழுதட்டை மடிக்கிறாள், அதுவும் உங்களுடையது.

நீங்கள் அலுவலகத்தைப் பற்றியும் ராணுவ முகாமைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

ராணுவம் போகும்போது முகாமுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. ஒரு இரும்பு அலமாரி மட்டும் வேகவில்லை. சென்ற வாரம் பையன்கள் தகரத்துக்காக அதை உடைத்தபோது உள்ளே காகிதங்கள் இருந்தன. ஒன்றை ஜுவீத்தா அக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். இருபது பெயர். இருபது வீடு. பதினேழு வீட்டை முதலில் எரித்தார்கள். ஆறு பேர் இன்றுவரை வரவில்லை. இருபதாவது பெயர் வெனான்சியோ.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. விரலை அந்தக் கடைசி வரியில் வைத்துக்கொண்டு, "நீ படிச்சவதானே. இது யார் கையெழுத்துன்னு சொல்லு" என்றாள்.

"தெரியலக்கா" என்றேன்.

"உன் கல்யாணப் பத்திரத்துல இருக்கிற எழுத்து மாதிரி இருக்குன்னு பாதிரியார் சொல்றாரு."

நான் குழந்தையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டேன். பால் குடிக்கிற நேரம்கூட இல்லை அது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் குட்டியை நான்தான் கையில வாங்கினேன். அதனால உன்கிட்ட மெதுவா கேக்குறேன். உன் புருஷன்கிட்ட கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே கேட்கிறேன். நீங்கள்தான் எழுதினீர்களா? இல்லை என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள். ஊர் முழுக்கக் காட்டுவேன்.

இடலினா


அத்தம்புவா
19 ஆகஸ்ட் 2000

இடலினா,

ஏழு முறை எழுதிக் கிழித்தேன். இதைச் சகோதரி தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வருவார். எல்லையில் யாரும் படிக்கமாட்டார்கள். நீ மட்டும் படி.

நான்தான் எழுதினேன்.

வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பு சார்ஜென்ட் என்னை ராணுவ முகாமுக்குக் கூப்பிட்டார். உனக்குத் தெரியும், அவர் கத்துகிற ஆள் இல்லை. காபி கொடுத்தார். குழந்தை எப்போது என்று விசாரித்தார். பிறகு காகிதத்தை நகர்த்தினார். "விடுதலை விடுதலைன்னு பேசுற வீடுங்க எதெதுன்னு உங்களுக்குத் தெரியும், ஐயா. இருபது வீடு போதும். மேலிடத்துக்கு அனுப்பணும், ஒரு கணக்குக்குத்தான்" என்றார்.

பதினோரு வருடமாக அவர்கள் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தவன் நான். அரிசி வாங்குகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள், தேர்தலுக்குத் தேர்தல் ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போடப்போகிறவர்கள். போட்ட பிறகு அல்ல, போடுவதற்கு முன்பே ஓட்டு எண்ணிக்கையை எழுதி அனுப்பியிருக்கிறேன். என் பேனாவுக்கு அது பழகிப்போயிருந்தது. இதுவும் அப்படி ஒரு தாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அது என்ன தாள் என்று எனக்குத் தெரியும்.

பத்தொன்பது வீடு அவருக்கே தெரிந்தவை. அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். இருபதாவதாக, "அந்த மாணவர் சங்கத்துப் பையன், உங்க மச்சான், அவன் பேர் என்ன?" என்றார்.

"அபிலியோ டிலிக்குப் போயிட்டான் சார், ஊர்லயே இல்ல" என்றேன். அவன் அப்போது நம் வீட்டு அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப வேற ஒண்ணு சொல்லுங்க. இருபது வேணும்."

வெனான்சியோ மாணவர் கூட்டத்துக்குத் தன் மாட்டுவண்டியைக் கொடுத்திருந்தான். அவ்வளவுதான் அவன் செய்த அரசியல். சன்னல் வழியாக அவன் வண்டி போவது தெரிந்தது. எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவேயில்லை.

அபிலியோவைத் தேடி யாரும் வரவில்லை, அவனுக்கே ஆச்சரியம் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா.

லம்பெர்த்தோ


ஹத்துலேய்
3 செப்டம்பர் 2000

லம்பெர்த்தோ,

என் தம்பியைக் காப்பாற்றினேன் என்று நன்றி கேட்கிறாயா? அவன் இன்று காலை என் எதிரே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றான். அவன் மெல்லுவதை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்விட்டேன்.

இந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டாய். இனி எழுதாதே.

இடலினா


அத்தம்புவா
10 ஜூன் 2001

இடலினா,

எழுதாதே என்றாய். ஒன்பது மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் வந்திருக்காது, சென்ற செப்டம்பரில் இங்கே ஐ.நா. ஊழியர்களைக் கொன்ற பிறகு வெளிநாட்டார் எல்லோரும் போய்விட்டார்கள், சகோதரியும் வரவில்லை. இப்போது மீண்டும் வர ஆரம்பித்திருக்கிறார். அதனால் எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போடுவதானாலும் உன் கையால் போடு.

நான்கு நாள் முன்பு இங்கே எல்லாரையும் கேட்டார்கள்: திரும்பிப் போகிறாயா, இங்கேயே இருக்கிறாயா? ஒரு தாள், இரண்டு கட்டம், ரகசியம் என்றார்கள். ரகசியம்தான். ஆனால் மேசைக்கு இரண்டடி தள்ளிக் கூலிப்படைத் தலைவன் வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். என் முறை வந்தபோது, "என்ன குமாஸ்தா, நீ போய் அங்க என்ன பண்ணப்போற? உன் கையெழுத்துதான் உனக்கு முன்னாடியே போய்ச் சேந்திருச்சே" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

'இருக்கிறேன்' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

என் கை விரும்பியது ஒன்று, போட்டது ஒன்று. இந்தக் கையே இப்படித்தான் வளர்ந்துவிட்டது. யாராவது பக்கத்தில் நின்றால் அவனுக்கு வேண்டியதை எழுதுகிறது. இருபத்திநாலு வருடம் அந்நிய ராணுவம் ஒரு ஊரில் இருந்தால் கட்டடத்தை எரித்துவிட்டுப் போவது மட்டுமில்லை, இப்படிப்பட்ட கைகளையும் விட்டுவிட்டுப் போகிறது.

நத்தி நடக்கிறாளா? இங்கே ஒரு பெண் குழந்தை கூடாரங்களுக்கு நடுவே தத்தித் தத்திப் போனால், அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உன் தலையில் தேங்காயெண்ணெயும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை வருமே, அது மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

லம்பெர்த்தோ


ஹத்துலேய்
2 செப்டம்பர் 2001

லம்பெர்த்தோவுக்கு,

அடுப்பில் போடவில்லை.

வியாழக்கிழமை ஓட்டுப் போட்டோம். அரசியல் சாசனம் எழுதப்போகிறவர்களைத் தேர்ந்தெடுக்க. நடந்ததையெல்லாம் சொல்கிறேன், நீங்கள் குமாஸ்தா, உங்களுக்கு இது வேண்டியிருக்கும்.

மார்ச் மாதம் ஐ.நா.காரர்கள் குடிமக்கள் பதிவுக்கு ஆள் தேடினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னை வைத்தார்கள். உங்கள் நாற்காலி எரிந்துவிட்டது. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் மூன்று நாள் ஒருவரும் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். "பேரா? போன தடவை பேர் எழுதினப்ப என்ன ஆச்சுன்னு தெரியாதா உனக்கு? அதுவும் அந்தக் குமாஸ்தா வீட்டுக்காரி கேக்குறா, பாரு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

ஐ.நா. அதிகாரி ஒருவர் வெள்ளை வண்டியில் வந்து கூட்டம் போட்டார். ஆங்கிலத்தில் பேசினார். பொனிஃபாசியோ எழுந்து, "நாங்க ஓட்டுப் போட்டா மறுநாள்லேருந்து ஆட்சி யாருது?" என்றார். சாசனம் முடிகிறவரை ஐ.நா.வுடையது என்று பதில் வந்தது. "இருபத்திநாலு வருஷம் அவங்க சொன்னதைக் கேட்டோம். இப்ப நீங்க சொல்றதைக் கேக்குறோம். நீங்க நல்லவங்கதான், இல்லேங்கல. ஆனா எங்க முறை எப்ப வரும்?" என்றார். மொழிபெயர்த்த பெண் இதில் பாதியைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன், அதிகாரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஜுவீத்தா அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு வருடமாக அவளைப் பார்த்தால் வேறு பக்கம் நடக்கிறவள், போய் நின்றேன். பட்டியல் எழுதியது நீங்கள்தான் என்று சொன்னேன். அபிலியோ பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெனான்சியோ பெயர் வந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு என்றைக்குமே தெரிந்திருக்காது. ஆனால் சொல்லாமல் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து ஊரார் பெயரை எழுத என்னால் ஆகவில்லை.

அவள் கையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் இருந்தது. என் மேல் ஊற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பதிவு மேசைக்கு வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். "எழுது. ஒவ்வொரு எழுத்தையும் சத்தமா சொல்லிக்கிட்டே எழுது. எல்லாருக்கும் கேக்கணும்" என்றாள். அப்படியே எழுதினேன். பிறகு பின்னால் நின்றவர்களும் அதையே கேட்டார்கள். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஓட்டுக்கு முந்தின நாள் ஊரில் பாதிப் பேர் பானை, அரிசி, பாயெல்லாம் மலையில் கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள். நானும் நத்தியின் துணியைக் கட்டிவைத்தேன். ஓட்டுப் போட்டால் மறுவாரம் ஓடவேண்டும் என்பதுதானே நாங்கள் கண்டது. விடிந்ததும் வரிசையில் நின்றோம். பதினாறு கட்சி. மறைப்புக்குள் போய்த் தாளை விரித்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை. அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளாகிவிட்டது. ஒன்றும் எரியவில்லை. இன்று காலை ஆட்கள் வெட்கப்பட்டுக்கொண்டே பானைகளை இறக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்த மாதம் எல்லைப் பாலத்தில் குடும்பங்கள் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறார்களாம். நத்தியைக் கூட்டிக்கொண்டு வருவேன். ஜுவீத்தா அக்கா கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், உங்களைத் திட்டக்கூட இல்லை: "அவன் எங்க கிடக்கான்னு மட்டும் கேளு."

இடலினா


அத்தம்புவா
4 நவம்பர் 2001

என் இடலினாவுக்கு,

பாலத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள், அதில் பாதியை அழுதே கழித்துவிட்டோம். நத்தி உன் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா ஏன் அழுறாரு?" என்று கேட்டாள். நீ, "மாமா இல்லடி, அப்பா" என்றாய். அவள் நம்பவில்லை. நீ என் கையைத் தொட்டாய், ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை. கவனித்தேன்.

ஜுவீத்தாவின் கேள்வியை நீ இரண்டு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் தெரியாது என்றேன். முதல் கடிதத்திலும் பொய்தான், எல்லாம் எழுதிவிட்டதாகச் சொன்ன கடிதத்திலும் இதை மட்டும் மறைத்தேன்.

எனக்குத் தெரியும். எங்களை ஏற்றிய லாரியில் அவனும் இருந்தான், கை கட்டப்பட்டு. என் எதிரில் உட்கார்ந்திருந்தான். பட்டியலைப் பற்றி அவனுக்குத் தெரியாது. "லம்பெர்த்தோ, உனக்கு அவங்களோட பழக்கம் உண்டுல்ல, நான் வெறும் வண்டிதான் குடுத்தேன்னு சொல்லேன்" என்று கெஞ்சினான். நான் வாய் திறக்கவில்லை. கடற்கரை உப்பளத்துக்கிட்டே லாரியை நிறுத்தி அவனையும் இன்னும் இரண்டு பேரையும் இறக்கினார்கள். எந்தத் திட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று பார்த்தேன். அவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள்.

அந்த இடத்தைக் கடிதத்தில் எழுதினால் நீங்கள் கண்டுபிடிக்கமாட்டீர்கள். உப்பளம் முழுக்க ஒரே மாதிரி திட்டு. நான் வந்து கையைக் காட்டவேண்டும். வந்தால் எல்லையில் உங்கள் போலீஸ் என்னைப் பிடிப்பார்கள், தெரியும். வராவிட்டால் இங்கே இவர்கள் என்னை ஒன்றும் செய்யமாட்டார்கள், நல்லா மனு எழுதுகிறவன் என்று கடைசிவரை வைத்துக்கொள்வார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சகோதரி வருகிற வியாழன் என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். ஜுவீத்தாவிடம் சொல். நீ வராதே, அந்த இடத்தில் உன்னைப் பார்த்தால் என்னால் நிற்கமுடியாது.

லம்பெர்த்தோ


ஹத்துலேய்
8 டிசம்பர் 2002

என் லம்பெர்த்தோவுக்கு, டிலி சிறைக்கு,

தீர்ப்பு நாளன்று உங்களோடு பேச விடவில்லை, அதனால் எழுதுகிறேன். நீதிமன்றத்தில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வெளிநாட்டு நீதிபதிகள், நடுவில் நம் ஊர் முகத்தோடு ஒருவர். அவர் நம் தேத்தும் மொழியில் வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான்கு வருடம். நீங்கள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாலும் இடத்தைக் காட்டியதாலும் குறைத்திருக்கிறார்களாம். சார்ஜென்ட் மீதும் வழக்கு எழுதியிருக்கிறார்கள், ஆனால் அவர் கடலுக்கு அப்பால் தன் ஊரில் இருக்கிறார், யாரும் அனுப்பமாட்டார்கள் என்று வக்கீல் சொன்னார். ஊரில் இதைச் சொன்னபோது பொனிஃபாசியோ, "சுதந்திரம் வந்து ஏழு மாசம் ஆச்சு, கையில கிடைச்சது நம்ம குமாஸ்தா மட்டும்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வெனான்சியோவின் எலும்புகளை ஜுவீத்தா அக்கா இடுப்புவாரை வைத்து அடையாளம் கண்டாள். அடக்கத்துக்கு ஊரே வந்தது. நான் தூரத்தில் நின்றேன். அபிலியோ குழி வெட்டினான், யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனாகவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். மண் போட்டு முடித்ததும் அக்கா எனக்கு வெற்றிலை அனுப்பினாள், வேறு ஒருத்தி கையில்.

எனக்கு உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சில நாள் காலையில் எழும்போதே இருக்கிறது. ஆனால் முகாமில் நீங்கள் இருந்தபோது எத்தனை வருடம் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. லாரி வரும், நீங்கள் இல்லை, அடுத்த வாரம் லாரி வரும். இப்போது ஒருவர் எல்லார் முன்னாலும் நின்று நான்கு வருடம் என்று வாசித்துவிட்டார். அதைக் கேட்டபோது அழுகை வந்தது, ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்களாம். நத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பஸ் வாந்தி எடுப்பாள், பரவாயில்லை.

போன வாரம் துணிந்து அக்காவிடம் கேட்டேன்: "அவர் வெளிய வந்ததும் ஹத்துலேய்க்கு வரலாமாக்கா? வேணாம்னா நாங்க வேற ஊருக்குப் போயிடுறோம்."

பாக்கை வெகுநேரம் மென்றாள். துப்பிவிட்டு, "நீ எங்கேயும் போக வேணாம். குட்டியும் போக வேணாம். அவன் வரட்டும். ஆனா என் வாசல் வழியா நடக்கக் கூடாது. அவன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றாள்.

நம் வீட்டுக்கு அவள் வாசலைத் தவிர வேறு வழி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் செங்குத்தான சரிவு, முழுக்க முள். சனிக்கிழமை அபிலியோவும் நானும் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினோம். ஓடைக்கரையிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். பாறை வருகிற இடத்தில் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது, அதனால் வழி நீளமாகும். வயதானவர் ஏறுகிற மாதிரி படி வெட்டவேண்டும் என்று அபிலியோ சொன்னான். நீங்கள் வரும்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும் அல்லவா. மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் மீதியை வெட்டுவோம்.

உங்கள்
இடலினா